எந்த மாதையன்

கான்ஃபிகர் ஓடி முடிந்தது, ஒரு குறையும் சொல்லவில்லை.
மேக் ஓடியது பதினொரு நிமிடம்.
அதன்பின் வெப் சர்வரை எழுப்பினால்
எழுந்த வேகத்தில் விழுகிறது.
கட்டும்போது பார்த்த ஹெட்டர் மூன்றாம் பதிப்பு,
ஓடும்போது கையில் சிக்கிய லைப்ரரி
ஒன்று புள்ளி ஒன்று.

காவேரிப்பட்டணம் தாண்டி, மாங்கூழ் ஆலை.
ஜூன் மாதம். இரவு எட்டேகால்.
எடைமேடைக்கு வெளியே இருபத்துமூன்று டெம்போ.
ராட்டர்டாமில் கூழ் வாங்கும் கம்பெனி
நள்ளிரவுக்கு மேல் பழைய பூட்டைத் தொடாதாம்.
புதுப் பூட்டை நான் மூலநிரலிலிருந்து
கட்டிக்கொண்டிருக்கிறேன்,
கீபோர்டின் இடுக்கெல்லாம் பிசுக்கு,
ஏசிக்குள்ளும் ஈ.

எல்டிடி என்று தட்டினேன்.
யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று
வரிவரியாய்ச் சொல்லும் கட்டளை.
சொன்னது:
ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டு பேர் இருக்கிறார்கள்.
ஒருவன் நேற்று நான் கூட்டிவந்தவன்.
இன்னொருவன் எப்போது வந்தான்,
யார் கூட்டிவந்தது, தெரியாது.

அவசரம். பழையவனைப் பெயர் மாற்றி
ஓரமாய் ஒதுக்கினேன்.

எடைமேடைத் திரையில் எண் அப்படியே நின்றது.
முதலில் ஒரு ஹாரன்,
அப்புறம் எல்லா ஹாரனும்.
நரசம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்:
"என்ன பண்ண ஷபீனா? தராசு செத்துப்போச்சு!"

அந்தத் தராசு மென்பொருளை எழுதியவர்
ஓசூர்க்காரர். அவர் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.
அவர் எழுதியது பழையவன் மூச்சில்தான் ஓடுகிறது.
பழையவனைத் திரும்ப உட்காரவைத்தேன்.
எண் அசைந்தது: நாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ.
ஹாரன்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.

இவனை விரட்ட முடியாது.
அவனை அழைக்காமல் முடியாது.

ஜன்னலுக்கு வெளியே நரசம்மா குரல்:
"மாதையன்னா எந்த மாதையன்?
நெடுங்கல்லா, மத்தூரா?"

போன வருஷம் மத்தூர் மாதையனின்
பதினொரு டன் காசு
நெடுங்கல் மாதையன் கணக்கில் விழுந்தது.
அன்றிலிருந்து அவள் பேரேட்டில்
பெயருக்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் ஊர்.

பழத்தில் இது தலைகீழ்.
ராட்டர்டாம் தோதாபுரி என்கிறது,
டெம்போக்காரர் பெங்களூரா என்கிறார்,
எங்கள் வீட்டில் கிளிமூக்கு.
மூன்று பெயரிலும் ஒரே புளிப்பு.

லோடர் நரசம்மா இல்லை.
பெயரைக் கூப்பிடும்,
முதலில் 'இருக்கேன்' என்றவனை உள்ளே விடும்.
ஊர் கேட்காது.
கேட்காதவனுக்கு நாமே எழுதித் தரவேண்டும்.

ஆர்பாத்.
புதியவன் இருக்கும் அடைவின் முழு விலாசத்தை
சர்வரின் வயிற்றுக்குள்ளேயே எழுதி
மறுபடி கட்டினேன்.
மறுபடி விழுந்தது.

மேக் கிளீன் மறந்திருந்தேன்.
மத்தியானம் கட்டிய பழைய துண்டுகள்
புதுக் கூட்டத்தில் சத்தமில்லாமல்
கலந்து நின்றன.
தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. குடித்தேன்.
எல்லாம் துடைத்தேன்.
ஹெட்டருக்கு ஒரு வழி, லைப்ரரிக்கு ஒரு வழி,
இரண்டும் ஒரே வீட்டுக்குப் போகின்றனவா என்று
விரல் வைத்துப் படித்தேன்.
இன்னும் ஒரு பதினொரு நிமிடம்.

பதினொன்று நாற்பது. எல்டிடி:
புதியவன், விலாசத்தோடு.
பழையவன் அவன் இடத்தில், தராசோடு.
ராட்டர்டாம் கைகுலுக்கியது.
பழையவன் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பு வைத்தேன்:
'அழிக்காதே. எடைமேடை இவனை நம்பி இருக்கிறது.
நான் அழித்துப் பார்த்தேன். – ஷபீனா.'

வெளியே வந்தால் கடைசி டெம்போ.
படிக்கட்டில் ஒருவர் பீடியை அணைத்தபடி எழுந்தார்.
"கம்ப்யூட்டரம்மா, நான் மத்தூர்."
"சொல்லுங்க."
"அந்தப் பதினோரு டன் காசு?"

அதற்கு மேக் கிளீன் இல்லை.
நாளைக்கு நெடுங்கல் போகவேண்டும்
என்றாள் நரசம்மா,
பேரேட்டை மூடாமல்.